சின்னக் கல்லூரி ஆபீசில் பணியாளர் குழு தொடங்கி நடத்துவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்பட்டணத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி என்றால் ஆபீசில் பன்னிரண்டு பேர் இருந்தாலே பெரிது. எங்களிடம் பதிவுப் பிரிவில் மூன்று பேர், கணக்கில் இரண்டு பேர், மாணவர் சேர்க்கையில் இரண்டு பேர், நூலகத்தில் ஒருவர், கணினி பார்க்கும் தம்பி ஒருவர், விடுதிக்கு வார்டன் அக்கா, வேன் ஓட்டும் அண்ணன், அப்புறம் பல்ப் போனாலும் பாம்பு வந்தாலும் எல்லாரும் கூப்பிடுகிற பராமரிப்பு மாமா. விரிவுரையாளர்களுக்குக் கல்விக் குழு இருக்கிறது, மாணவர்களுக்கு மாணவர் மன்றம் இருக்கிறது. இந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லாமலே பல வருடம் ஓடிவிட்டது. எதுவாக இருந்தாலும், "மேடம் நல்ல மூடில் இருக்கும்போது நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா" என்பதுதான் இருந்த ஒரே வழி.

இன்னமும் அந்த நிலையில் இருக்கிற ஆபீஸ்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பணியாளர் குழு ஒன்றை எப்படித் தொடங்குவது, அதில் எதைப் பேசுவது, எதைத் தொடக்கூடாது, நிர்வாகத்தோடு முட்டிக்கொள்ளாமல் காரியத்தை எப்படி முடிப்பது என்று பதினான்கு வருடப் பதிவுப் பிரிவு வேலையில் தெரிந்துகொண்டவை இவை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அப்பா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் உருவானது, அதன் தோட்டக் கமிட்டியில் அப்பா சில வருடம் செயலாளராக இருந்தார். கூட்டம் முடிந்து வந்தால் முதலில் குளிக்கக்கூட மாட்டார், சிவப்பு ஓரம் போட்ட தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். தேதி, வந்தவர்கள் பேர், பேசிய விஷயம், துரை (தோட்ட மேலாளர்) சொன்ன பதில், எப்போது செய்கிறேன் என்றார், இவ்வளவுதான் எழுதுவார். லயத்துக் குழாயில் தண்ணீர் வராத விஷயம் அந்த நோட்டில் நான்கு இடத்தில் நான்கு தேதியோடு இருக்கும். ஐந்தாவது முறை போகும்போது நோட்டையே எடுத்துப் போய்த் துரை மேசையில் அந்த நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாராம். அந்த மாதமே புதுக் குழாய் வந்தது. அப்பா அங்கே குரலை உயர்த்திப் பேசவில்லை. நான்கு தேதியும் துரை கண்முன்னால் இருந்தன.

முதலில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று எழுதுங்கள்

குழு தொடங்குவதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள், ஏனென்றால் ஆபீசில் பாதிச் சண்டை தப்பான ஆளிடம் போய்க் கேட்பதால் வருகிறது. தனியார் உயர்கல்வி நிலையங்கள் 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டத்தின் கீழ் (555ஆம் சட்டம் என்பார்கள்) உயர்கல்வி அமைச்சில் பதிந்து நடப்பவை. பெரும்பாலும் பின்னால் ஒரு கம்பெனி இருக்கும், அதற்கு இயக்குநர் வாரியம் இருக்கும். அதற்குக் கீழே தலைமை நிர்வாகி அல்லது பிரின்சிபல், பிறகு பதிவாளர், பிறகு நாம். தாளில் பார்த்தால் நேர்க்கோடு மாதிரி இருக்கும். நடைமுறையில் எங்கள் கல்லூரியில் கழிவறைக் கதவின் தாழ்ப்பாளை மாமாவே சில்லறைக் காசில் மாற்றிவிடலாம், கதவையே மாற்றக் கணக்குப் பிரிவின் கையெழுத்து வேண்டும், கூரைத் தகட்டை மாற்ற வாரியம் கூட வேண்டும். இது தெரியாமல் நாங்கள் ஒரு வருடம் முழுக்கக் கூரை ஒழுகுகிறது என்று பிரின்சிபலிடமே சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் பாவம், சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு தாள் எடுத்து, போன ஒரு வருடத்தில் ஆபீசில் இழுபறியான இருபது விஷயத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியில் சரி என்று சொன்னவர் யார், எவ்வளவு தொகை, எத்தனை நாள் ஆனது என்று போடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் உதவினால் ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும். பிறகு எந்த விஷயத்தை எந்தக் கதவில் தட்டுவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது

"எங்களுக்கு ஒரு குழு வேண்டும்" என்று மொட்டையாகப் போய்க் கேட்டால் சங்கம் வைக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் வந்துவிடும். தோட்டப்பட்டணத்தில் அந்தப் பயம் சீக்கிரம் வரும், இங்கே எல்லாருக்கும் தொழிற்சங்க ஞாபகம் உண்டு. எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது கல்லூரிப் பாடத்திட்டங்களை அங்கீகரிக்கிற எம்.கியூ.ஏ.வின் தரநெறிதான். எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமை 2007 நவம்பரில் வந்தது, அதற்கு முன்னால் எல்.ஏ.என். என்கிற தேசிய அங்கீகார வாரியம் இருந்தது. முகமையின் பாடத்திட்ட அங்கீகார நெறிநூலின் 2017 பதிப்பில் ஏழு பகுதிகள் இருக்கின்றன. அதில் ஆறாவது பகுதி நிர்வாகத்தைப் பற்றியது. பாடத்திட்டத்துக்குத் தேவையான நிர்வாகப் பணியாளர்கள் போதுமான அளவில் தகுதியோடு இருக்கிறார்களா, அவர்கள் வேலையைக் கல்லூரி மதிப்பிடுகிறதா, பயிற்சி கொடுக்கிறதா, மாணவர் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அந்தப் பகுதியில் வருகிறது. முகமையின் மதிப்பீட்டுக் குழு பார்க்க வரும்போது வாயால் சொன்னால் போதாது, காட்டத் தாள் வேண்டும்.

பிரின்சிபலிடம் இதைத்தான் சொன்னோம். மாதம் ஒருமுறை நாங்கள் கூடிப் பேசி எழுதிவைத்தால் ஆறாவது பகுதிக்கான சான்று தானாகவே சேர்ந்துகொண்டு போகும், அங்கீகார வருகைக்கு முந்தின இரண்டு வாரம் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து கோப்பு தேட வேண்டாம் என்றோம். அவர் அன்றைக்கே ஒப்புக்கொண்டார். நீங்களும் உங்கள் நிர்வாகத்துக்கு எது கவலையோ அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒப்புதலை வாய்வார்த்தையாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அரைப்பக்கக் கடிதம் போதும், கல்லூரி முத்திரையோடு. "அலுவலகப் பணியாளர் ஆலோசனைக் குழுவை அமைக்க அனுமதிக்கப்படுகிறது, மாதம் ஒருமுறை வேலை நேரத்தில் கூடலாம், குழுவின் குறிப்புக்கு நிர்வாகம் பத்து வேலைநாளுக்குள் பதில் தரும்" என்ற மூன்று வரி கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றாவது வரிக்காகக் கொஞ்சம் போராடுங்கள். பதில் வருவதற்கு ஒரு நாள் குறிக்காத குழு நான்கு மாதத்தில் படுத்துவிடும், நான் இரண்டு கல்லூரியில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவுக்குத் தனிச் சந்தா, தனி வங்கிக் கணக்கு வைக்காதீர்கள். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து மன்றமாகவோ கழகமாகவோ நடத்தினால் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவு கேட்கும். சம்பளப் பேரம் பேசினால் அது 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் பக்கம் போகும். குழு கல்லூரிக்குள்ளேயே, நிர்வாகக் கடிதத்தின் கீழே இருக்கட்டும். உங்களுக்குத் தொழிற்சங்கமே வேண்டும் என்றால் அது உங்கள் உரிமை, குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட்டுத் தொழிற்சங்க விவகார இலாகாவில் விண்ணப்பிக்கலாம். அந்தப் பாதை வேறு, அதைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே நடக்காது.

யார் உட்காருவது

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் போதும். ஒரே பிரிவிலிருந்து இரண்டு பேர் வேண்டாம். பதவிக்காலம் ஒரு வருடம், தலைவர் நாற்காலி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். மனிதவளம் பார்ப்பவர் உறுப்பினராக இருக்கலாம், தலைவராக இருக்கக் கூடாது. அவர் மேல் வரும் புகாரை அவரே நடத்துவது அவருக்கும் தர்மசங்கடம். மூன்று பேர் வந்தால் கூட்டம் நடக்கும், இல்லாவிட்டால் தள்ளிவைத்ததாகத் தேதியோடு எழுதுங்கள்.

ஜாகாவும் (காவலாளி) துப்புரவு செய்யும் அக்காமார்களும் பெரும்பாலும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள், கல்லூரியின் பணியாளர் பட்டியலில் வரமாட்டார்கள். அதனால் அவர்களை விட்டுவிடாதீர்கள். வளாகத்தில் காலை ஆறரைக்கு என்ன நடக்கிறது, பின் வாசல் விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, விடுதிப் பிள்ளைகள் எந்த வேலியைத் தாண்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கூட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் பதினைந்து நிமிடம் அவர்களுக்கு. பசியாறக் கடையிலிருந்து ஒரு தட்டு வடையும் தே தாரிக்கும் வாங்கி வைப்போம். முதல் தடவை கேட் ஜாகா அண்ணன் நின்றுகொண்டே பேசினார், உட்காருங்கள் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே விஷயம், மழைக்காலத்தில் மோட்டோர் (மோட்டார் சைக்கிள்) நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துச் செம்பனையிலிருந்து காய்ந்த மட்டை விழுகிறது, ஒருநாள் பிள்ளை ஒன்றின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது என்பது. பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரமே மட்டையை வெட்டி, மோட்டோர் இடத்தைக் கேண்டீன் பக்கம் மாற்றினார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் எட்டுப் பேர் தமிழர்கள், மூன்று பேர் மலாய்க்காரர்கள், ஒருவர் சீனர். நமக்குள் தமிழில் பேசிக்கொள்வது சுகம்தான், ஆனால் கூட்டம் என்று உட்கார்ந்தால் மலாயில் நடத்துங்கள். கணக்குப் பிரிவின் மலாய்க்கார அக்கா சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகுதான், பாதி புரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அன்றைக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

ஒரு விஷயத்தை எப்படி எழுதிக் கொடுப்பது

குழுவின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "பதிவறை மோசமாக இருக்கிறது, உடனே கவனிக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? யாரிடம் சொல்வது, எவ்வளவு ஆகும், எவ்வளவு அவசரம் என்று எதுவும் அதில் இல்லை. எங்கள் பதிவறைச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கியபோது நாங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன், மலாயில் எழுதியதன் தமிழ் இது:

"பதிவறையின் கிழக்குச் சுவரில் அக்டோபர் 3 முதல் மழைத் தண்ணீர் இறங்குகிறது. கீழ்த்தட்டில் இருந்த 14 மாணவர் கோப்புகள் நனைந்தன, அவற்றில் 5 கோப்புகளில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழின் உறுதிசெய்த நகல் இருக்கிறது. கோப்புகளை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டோம். நவம்பர் மழை தொடங்கினால் மேல்தட்டும் நனையும். வெளிச்சுவரில் பூச்சும் நீர்த்தடுப்பும் செய்யப் பட்டணத்தில் இரண்டு கடையில் விலை கேட்டோம், குறைந்த விலை 380 வெள்ளி (ரிங்கிட்). இது கணக்குப் பிரிவு ஒப்புதலுக்குள் வரும் தொகை. அக்டோபர் 20க்குள் வேலை முடிய ஒப்புதல் கேட்கிறோம். படங்கள் மூன்று இணைத்திருக்கிறோம்."

என்ன, எப்போதிருந்து, எத்தனை, நாங்கள் ஏற்கெனவே செய்தது என்ன, விட்டால் என்ன ஆகும், எவ்வளவு, யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள். எட்டு விஷயம் எட்டு வரியில் அடங்கிவிடும். கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை பாருங்கள், ஆனால் இதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது யாருக்கும் கஷ்டம். அக்டோபர் 17இல் வேலை முடிந்தது.

ஒரு கூட்டத்துக்கு மூன்று விஷயத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் மாதம் ஆர்வத்தில் நாங்கள் பத்தொன்பது விஷயத்தை எழுதிக் கொடுத்தோம், அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மூன்றாகக் குறைத்த மாதம் மூன்றுமே நடந்தன. அந்த மூன்றில் ஒன்றாவது காசு செலவில்லாததாக இருக்கட்டும், எங்களுக்கு அது மதிய வேளையில் கவுண்டரை யார் பார்ப்பது என்ற அட்டவணை. அதுவரை பி.டி.பி.டி.என். (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன் தாளோடு பஸ்ஸில் லிந்தாங்கிலிருந்தும் சாலாக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் மூடிய கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பன்னிரண்டரைக்கும் இரண்டு பேர் ஒன்றரைக்கும் சாப்பிடப் போவது என்று மாற்றியதில் அந்த வரிசையே இல்லாமல் போனது.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

நான் வக்கீல் இல்லை. ஆனால் இவை தெரியாமல் குழுவில் உட்காரக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெறும் வருத்தமாகப் பேசுகிற பல விஷயம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்துக்கு 2022இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. மணமான ஆண் பணியாளருக்கு ஏழு நாள் தந்தை விடுப்பு வந்தது, பன்னிரண்டு மாதமாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எல்லாப் பணியாளரும் இப்போது சட்டத்துக்குள் வருகிறார்கள், ஓவர்டைம் மாதிரியான சில பிரிவு மட்டும் மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குபவர்களுக்கு. சின்னக் கல்லூரி ஆபீசில் அநேகமாக எல்லாருமே அதற்குள்தான் இருப்பார்கள்.

வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றால் காரணமும் எழுத வேண்டும். எங்கள் நூலக அக்கா, டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமியாரை ஈப்போவுக்கு அழைத்துப் போக வாரம் இரண்டு நாள் ஏழரைக்கே வந்து சீக்கிரம் கிளம்ப இப்படித்தான் கேட்டார். கிடைத்தது.

ஆண்டு விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைந்தவருக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12, ஐந்துக்கு மேல் 16. இது குறைந்தபட்சம், கல்லூரி கூடக் கொடுக்கலாம். சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வர வேண்டும். ஊழியர் சேமநிதி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும், சொக்சோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) அப்படியே. உங்கள் சேமநிதிக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கைப்பேசியில் திறந்து பாருங்கள், சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதாலேயே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பொது விடுமுறையில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சட்டப்படி வருடத்துக்கு 11 நாள் சம்பளத்தோடு பொது விடுமுறை. அதில் ஐந்து நாள் கட்டாயம்: தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள். மீதி ஆறு நாளை அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, வருடம் பிறப்பதற்கு முன்னால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். தைப்பூசம் அந்த ஆறில் இருக்கிறதா இல்லையா என்பதை ஜனவரியில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும். நவம்பர் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள்.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன்னால் வேறோர் ஊரில் ஒரு கல்லூரியில் இருந்தேன். ஜூலைச் சேர்க்கைக்கு ஆறு சனிக்கிழமை கவுண்டரில் உட்காரச் சொன்னார்கள், ஓவர்டைம் கிடையாது, ஆறு நாள் மாற்று விடுப்பு தருகிறோம் என்றார்கள். எல்லாரும் சரி என்றோம், நல்ல மனிதர்தான் சொன்னார். செப்டம்பரில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர், அப்படி ஒரு பதிவே இல்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பதிவு இல்லை. அந்த வருடத் தீபாவளிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி வரை ஆபீசில் இருந்தேன், வீட்டில் மகள் கோலமாவோடு வாசலிலேயே காத்திருந்தாள். ஆறு நாளில் ஒரு நாள் கிடைத்திருந்தால் போதும்.

இப்போதெல்லாம் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பே குழு ஒரு தாள் தயார் செய்கிறது. யார், எந்தச் சனி, எத்தனை மணி, ஓவர்டைமா மாற்று விடுப்பா, விடுப்பென்றால் எந்தத் தேதிக்குள் எடுக்கலாம். பிரின்சிபல் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். கூடவே உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள், சனிக்கிழமை அதில் "ஓய்வு நாள்" என்று இருக்கிறதா, வெறுமனே வேலையில்லாத நாளா என்று. சட்டம் கேட்பது வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள்தான், ஐந்து நாள் வேலை செய்கிற இடத்தில் அது பெரும்பாலும் ஞாயிறாக இருக்கும். வேலையில்லாத நாளுக்கான ஓவர்டைம் மணிக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு. ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் கணக்கு வேறு, கூடுதலாக வரும்.

பாதுகாப்புச் சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், நாற்பது பேரும் அதற்கு மேலும் என்றால் பாதுகாப்புக் குழுவே வேண்டும் என்பது முன்பிருந்தே இருக்கிறது. விரிவுரையாளர்களையும் சேர்த்து எண்ணுங்கள். செம்பனை மட்டை, ஈரத் தரை, எரியாத அவசர விளக்கு எல்லாம் இந்தப் பாதையில் போனால் சீக்கிரம் நடக்கும். பயிற்சிக்குக் காசில்லை என்று சொன்னால் எச்.ஆர்.டி. கோர்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) வசூலிக்கிற லெவியைப் பற்றி மரியாதையாகக் கேளுங்கள். சட்டத்துக்குள் வரும் துறைகளில் பத்து மலேசியப் பணியாளரும் அதற்கு மேலும் இருக்கிற முதலாளி மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகிறார், அந்தப் பணம் பணியாளர் பயிற்சிக்காகத்தான் கிடக்கிறது. விரிவுரையாளர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று எங்கும் இல்லை.

குழு தொடக்கூடாதவை

ஒருவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தால் அவர் செய்தாரா இல்லையா என்று குழு பேசக் கூடாது. அதற்கு விசாரணை இருக்கிறது. விசாரணைக் காலத்தில் வேலையிலிருந்து நிறுத்திவைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, பாதிச் சம்பளத்துக்குக் குறையவும் கூடாது. வேலையே போய்விட்டால், அது அநியாயம் என்று நினைப்பவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் அவருக்குச் சொல்லுங்கள், விசாரணைக்குப் போகும்போது கூட ஒருவர் போக அனுமதி கேளுங்கள், அதோடு நில்லுங்கள். 60 நாள் என்பது ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

பாலியல் தொல்லைப் புகாரைக் குழுக் கூட்டத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள், சின்ன ஆபீசில் பேர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழு செய்ய வேண்டியது, சட்டம் கேட்கிற அறிவிப்பு கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, புகாரை எழுத்தில் யாரிடம் கொடுப்பது என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்படி செய்வது. ஸ்டோருக்குள் பழைய நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு ஒட்டியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. முதலாளி விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

மாணவர் விவரமும் அப்படித்தான். அடையாள அட்டை எண், கட்டணப் பாக்கி, வீட்டு வருமானம், எதையும் படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள், "இந்தப் பிள்ளை யார் தெரியுமா?" என்று கேட்பதற்காகக்கூட வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தோட்டப்பட்டணத்தில் அந்தப் பிள்ளையின் சித்தப்பா உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார்.

குறிப்பும் கோப்பும்

கூட்டக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார் என்ன வாதாடினார் என்பது தேவையில்லை. வந்தவர்கள், விஷயம், முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். முடியாத விஷயம் அடுத்த மாதக் குறிப்பில் முதல் வரியாக வரட்டும், முதலில் சொன்ன தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதுத் தேதியைப் போடுங்கள். கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் பிரின்சிபலுக்கு மின்னஞ்சல், அறிவிப்புப் பலகையில் ஒரு நகல், கோப்பில் ஒன்று. புலனக் குழுவில் தேதியை நினைவூட்டலாம், முடிவு எதையும் அதில் எடுக்காதீர்கள். இரவு பதினொன்றுக்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டியதை மறுநாள் கூட்ட முடிவு என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

வருடக் கடைசியில் குழு மாறும்போது புதியவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம், விதிமுறைத் தாள், பன்னிரண்டு மாதக் குறிப்பு, நிர்வாகத்தின் பதில்கள், யார் எதை முடிவு செய்கிறார் என்ற அந்த முதல் தாள், சனிக்கிழமை அட்டவணை, அடுத்த வருட விடுமுறைப் பட்டியல், இன்னும் முடியாத விஷயங்கள் தேதியோடு. எங்கள் கோப்பு பதிவறையில் மேற்குச் சுவர் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது, சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று கணக்குப் பிரிவின் மலாய்க்கார அக்காவிடம். இந்த ஜனவரியில் என் சாவியைக் கணினித் தம்பியிடம் கொடுக்கிறேன். பின் வாசல் விளக்கு இன்னும் முடியவில்லை. மூன்று தேதி ஏறியிருக்கிறது, அவனுக்கு முதல் விஷயம் அதுதான்.